யோகாவுக்குக் காசு வாங்கலாமா?

மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிறவர்களின் நாள், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இருக்கும் உப்பை வாரி வரப்பில் குவித்தாக வேண்டும். அந்த வீட்டிலும் அப்படித்தான். அப்பாவும் அம்மாவும் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள்.

2025 ஜூன் மாதம் அந்த வீட்டு மகள் யோகா வகுப்பு தொடங்கினாள். புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்து, ஒரு வருட டிப்ளமோ முடித்த கையோடு தொடங்கிய வகுப்பு. பக்கத்துத் தெரு சித்தப்பா வீட்டு மொட்டை மாடி. காலை 6 மணி. மாதம் 300 ரூபாய். ஆர்வத்தில் 450 ரூபாய் வீதம் 8 மேட் வாங்கிப் போட்டாள். அதற்கே 3,600 ரூபாய் ஆனது.

11 பெண்கள் பெயர் கொடுத்தார்கள். முதல் வாரம் மாடி நிறைந்தது. இரண்டாவது வாரத்தில் ஸ்கூல் வேன், டிபன் பாக்ஸ், தண்ணி வரும் நேரம் என்று ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மாதக் கடைசியில் காசு கொடுத்தவர்கள் 3 பேர். 26 வகுப்புக்கு 900 ரூபாய்.

அன்று ராத்திரி நோட்டில் வகுத்துப் பார்த்தாள். ஒரு வகுப்புக்கு 35 ரூபாய்கூட வரவில்லை. உப்புக் கூடை சுமக்கும் அம்மா அரை நாளில் வாங்கும் கூலிக்குக்கூட அது காணாது.

அவளுக்கு அழுகை வந்ததற்குக் காரணம் அந்தக் கணக்கு மட்டும் இல்லை. அம்மாவின் கம்மலும் சங்கிலியும் 2024 ஜூனிலிருந்து பேங்கில் அடகில் இருக்கின்றன. 40,000 ரூபாய். அவளுடைய படிப்புக்காக வைத்தது. அந்த வருடம் உப்பு நன்றாக விளைந்தால் திருப்பிவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பாத்தியெல்லாம் சேறு. அடுத்த ஜூனில் வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி வைத்தார்கள். வெறும் காதோடு வேலைக்குப் போகும் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

“மூச்சு வுடறதுக்கும் துட்டா?”

காசு கொடுக்காதவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவள் கேட்கவே இல்லை, அதுதான் விஷயம். ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டபோது தெருக்கோடி அத்தை சிரித்துக்கொண்டே, “இன்னா பாப்பா, மூச்சு வுடறதுக்கும் துட்டா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

டிப்ளமோவில் ஆசனம் சொல்லிக்கொடுத்தார்கள். பிராணாயாமம், உடற்கூறு, பதஞ்சலி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். ஃபீஸை எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. யோகா சேவை, அதற்குக் காசு வாங்குவது பாவம் என்கிற எண்ணம் அவளுக்குள்ளேயே இருந்தது.

ஆனால், பெரிய குருமார்களின் கதையைப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் யோகாவில் பெரும்பங்கு திருமலை கிருஷ்ணமாச்சார்யாவின் வழி வந்தது. 1930-களில் மைசூர் மகாராஜா ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர் அவர். சுதந்திரத்துக்குப் பிறகு அரண்மனை ஆதரவு நின்றது. 1950-ல் யோகசாலையை மூடிவிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய கிருஷ்ணமாச்சார்யா சென்னைக்கு வந்து, ஒவ்வொருவராகச் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தை நடத்தினார். அவருடைய மகன் டி.கே.வி.தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் ‘கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்’ தொடங்கியது அதற்கெல்லாம் பிறகுதான்.

கிருஷ்ணமாச்சார்யாவின் சீடர் பி.கே.எஸ்.ஐயங்கார் 1937-ல் புனேவுக்குச் சில மாத வேலையாகப் போனவர். அங்கேயே தங்கிவிட்டார். ஆரம்ப வருடங்களில் சரியான சாப்பாடு இல்லாத நாட்கள் அவருக்கு உண்டு. 1952-ல் வயலின் மேதை யெஹுதி மெனுஹின் அவரைச் சந்தித்த பிறகுதான் வெளிநாட்டுக் கதவு திறந்தது.

அவர்களுக்கே வயிறு இருந்தது, வாடகை இருந்தது. இதை யோசித்தபோது அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கூடவே ஒரு பாடமும் கிடைத்தது. மகாராஜாவே ஆனாலும் ஒரே இடத்தை நம்பி இருக்கக் கூடாது.

இலவசமாக ஒரு போட்டோ

அதை அவள் சொந்தமாகவும் கற்றுக்கொண்டாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட். ஜூன் 21, சர்வதேச யோகா தினம். அந்த வருடம் சனிக்கிழமையில் வந்தது. “இந்தத் தடவை ஃப்ரீயா பண்ணிக்குடும்மா, நாலு பேருக்குத் தெரியவரும். அப்புறம் ரெகுலரா கூப்பிடறோம்” என்றார்கள். கடற்கரையில் வகுப்பு, வரிசையாக மேட், பின்னால் சூரிய உதயம், போட்டோ. அடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ‘பார்க்கலாம்மா’ என்றே சொல்லி எடுக்கவைத்தார்கள். நான்காவது வாரம் போன் வரவில்லை. இவள் போன் செய்தபோது யாரும் எடுக்கவில்லை.

இலவச வகுப்பு எடுப்பதில் தவறில்லை. எத்தனை வகுப்பு இலவசம், எந்தத் தேதியிலிருந்து காசு என்பதை முதல் நாளே பேசியிருக்க வேண்டும். அவள் பேசவில்லை.

அந்த வாரம் ராத்திரி, அப்பா திண்ணையில் உட்கார்ந்து காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணியில் நின்று நின்று வெடித்த கால். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே பேசினார்.

“உப்பு வெளையவெக்கிறவன் என்னைக்குமா வெல சொல்லியிருக்கான்? லாரி எடுத்துக்கினு வர்றவன்தான் சொல்றான். மழ வந்துரும்னு பயந்து நாம குடுத்துர்றோம். நீ படிச்ச பொண்ணு. உன் வெலய நீயே சொல்லு. எவனும் சொல்லக் காத்துக்கினு இருக்காத.”

இந்தக் கடற்கரையின் உப்புக்குப் பழைய பெருமை உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று சொல்வார்கள். சங்க காலத்தில் உமணர்கள் வண்டியில் உப்பை ஏற்றிப் போய், நெல்லுக்கு அளவுக்கு அளவாக மாற்றினார்கள். இன்று ஒரு படி உப்புக்கு ஒரு படி அரிசி யார் தருவார்கள்? உப்பின் மதிப்பு குறையவில்லை. விலை சொல்லும் இடத்தில் விளைவிக்கிறவர் இல்லை, அவ்வளவுதான்.

அப்பா இன்னொன்றும் சொன்னார். “காலைல 6 மணிக்கு வகுப்பு வெச்சா நம்ம சனம் எப்படிம்மா வரும்? அந்நேரம் எல்லாம் அளத்துல இல்ல நிப்பாங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது. புத்தகத்தில் அதிகாலை நல்லது என்று இருந்தது, அவளும் 6 மணி என்று போட்டுவிட்டாள். யாருக்காகச் சொல்லித்தரப் போகிறோம், அவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

விலை எங்கிருந்து வந்தது?

விலையை நாமே சொல்லலாம். ஆனால், எவ்வளவு என்று சொல்வது? அதற்கும் ஒரு வழி கிடைத்தது. ஆயுஷ் நலவாழ்வு மையங்களுக்குப் பகுதிநேர யோகா பயிற்றுநர் வேண்டும் என்று அரசு விளம்பரங்கள் வரும். ஒரு அமர்வுக்கு 250 ரூபாய். ஆண் பயிற்றுநருக்கு மாதம் 32 அமர்வு, 8,000 ரூபாய். பெண் பயிற்றுநருக்கு 20 அமர்வு, 5,000 ரூபாய். ஏன் இந்த வித்தியாசம் என்று அவளுக்குக் கேள்வி இருந்தது. ஆனாலும் அந்த 250 ஒரு பிடிமானமாகக் கிடைத்தது. அரசாங்கமே ஒரு மணி நேரத்துக்கு 250 என்கிறதே!

வாரம் 5 நாள் என்றால் மாதம் 22 வகுப்பு. 250 வீதம் 5,500 ரூபாய். 12 பேர் வந்தால் ஆளுக்கு 458. சரி, 450 ரூபாய்.

டீச்சர் வீட்டம்மா, கடை வைத்திருப்பவர், பேங்க் ஊழியர் என டவுன் பெண்களுக்குப் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு, காலை 10 மணி வகுப்பு. 450 ரூபாய், மாதத்தின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். இதை நேரில் கேட்கக் கூச்சமாக இருந்ததால் வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டாள். எழுதிப் போட்டதும் கூச்சம் பாதி போய்விட்டது. 9 பேர் சேர்ந்தார்கள். ‘மூச்சு வுடறதுக்கும் துட்டா’ என்று கேட்ட அத்தைதான் முதலில் ஜிபே செய்தார்.

உப்பளத்துப் பெண்களுக்குச் சாயங்காலம் 5 மணி. அவர்களிடம் 450 கேட்க முடியாது. இலவசம் என்றால் அவர்களே வர மாட்டார்கள். “சும்மா வாங்கினா வாய் தொறந்து ஒண்ணு கேக்க முடியாது பாப்பா” என்று ஒரு அக்கா சொன்னார். அதனால் 150 ரூபாய். மேட் வேண்டாம், வீட்டிலிருந்து கோரைப்பாய் எடுத்து வந்தால் போதும்.

அங்கே அவள் பாடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும் பெண்களை இன்னும் குனியவைத்து என்ன பயன்? பாதஹஸ்தாசனத்தை விட்டுவிட்டாள். மெதுவாகப் பின்னால் வளையும் புஜங்காசனம், தோளைத் திறக்கும் பயிற்சி, பாதத்தை அசைக்கும் பயிற்சி. வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண்களுக்கு, உள்ளங்கையைத் தேய்த்து ஒற்றி எடுக்கும் பயிற்சி. கடைசியில் சவாசனம். அதற்காகவே வருகிறவர்கள் பாதிப் பேர். இரண்டு பேர் தூங்கியே விடுவார்கள். அவள் எழுப்புவதில்லை.

ரிசார்ட் கைவிட்ட பிறகு, சற்றுத் தள்ளி ஒரு சின்ன விருந்தினர் விடுதி கிடைத்தது. சனி, ஞாயிறு காலை வகுப்பு. இந்த முறை அவள் போன் பேசி முடித்ததும் ஒரு மெசேஜ் அனுப்பினாள். ஒரு வகுப்புக்கு 800 ரூபாய். முந்தின நாள் இரவு 7 மணிக்குப் பிறகு ரத்து செய்தால் பாதித் தொகை. மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘ஓகே மேடம்.’

800 பெரிய தொகை என்று தோன்றலாம். அங்கே போக, வர, காத்திருக்க, வகுப்பு எடுக்க என்று மூன்று மணி நேரம் போகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால், விடிகாலையில் அந்தப் பக்கம் டவுன் பஸ் கிடைக்காது. போக வர 80 ரூபாய் டிக்கெட். ஒரு மணி நேர வகுப்பு என்பது ஒரு மணி நேர வேலை இல்லை என்று நோட்டில் எழுதிவைத்தாள்.

இலவச மாடிக்கும் ஒரு விலை இருந்தது. சித்தப்பா காசு கேட்கவில்லை. ஆனால், அவர் வீட்டுச் சொந்தக்காரர்கள் ஐந்து பேர் சும்மா வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் விசேஷம் என்றால் வகுப்பு கிடையாது. மாதம் 500 ரூபாயை அவர் கையில் வைத்த பிறகு அதெல்லாம் நின்றது. “எனக்கு எதுக்கும்மா?” என்று முதல் மாதம் மறுத்தவர், இரண்டாவது மாதம் மாடியில் ஒரு டியூப்லைட் போட்டுக்கொடுத்தார்.

பேனரில் எழுதாத வரி

பஜாரில் ஃபிளெக்ஸ் அடிக்கப் போனபோது கடைக்காரப் பையன், “சுகர், பிரஷர் குணமாகும்னு ஒரு லைன் போட்டுக்கலாம் அக்கா, கூட்டம் அள்ளும்” என்றான். அவள் ஒரு நிமிடம் தடுமாறினாள். கம்மல் கண்ணில் வந்து போனது. பிறகு வேண்டாம் என்றாள்.

வேண்டாம் என்றது எவ்வளவு நல்லது என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. 10 மணி வகுப்பில் ஒரு அம்மாவுக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். விசாரித்தால், யோகா செய்கிறோமே என்று பத்து நாளாக பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அவளுக்குக் கைநடுக்கம் நிற்க ஒரு நாள் ஆனது. பேனரில் அந்த வரி இருந்திருந்தால் அந்த அம்மா மாத்திரையை நிறுத்தியதற்கு அவளே காரணமாகியிருப்பாள்.

அன்றிலிருந்து சேருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் கொடுக்கிறாள். பிரஷர், சுகர், ஆபரேஷன், முதுகு வலி, கர்ப்பம், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களிடம் கேட்டு அவளே எழுதிக்கொள்கிறாள். கீழே ஒரு வரி: ‘டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.’

காகித வேலைகளிலும் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கேட்டார்கள். அரசு இணையதளத்தில் ஆதார், பான் எண் கொடுத்தால் அது முற்றிலும் இலவசம். அவளே போனில் போட்டுக்கொண்டாள். விடுதியில் ஜி.எஸ்.டி நம்பர் கேட்டபோது வயிறு கலங்கியது. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு தேவை என்று கணக்கு பார்க்கும் ஒரு அண்ணன் விளக்கினார். 2025 செப்டம்பர் 22 முதல் யோகா மையங்களுக்கான வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததையும் சொல்லிவிட்டு, “20 லட்சம் வரட்டும், அப்ப நானே வந்து பதிவு பண்ணித்தரேன்” என்று சிரித்தார்.

முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும் என்றார்கள். ஒரு கடன் முடியாமல் இன்னொன்று வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் யோகா சான்றிதழ் வாரியத்தின் முதல் நிலைத் தேர்வுக்கு மட்டும் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். தனியாக வகுப்பு எடுக்க அது கட்டாயமில்லை. அரசு வேலைக்கு மனு போடும்போது கைகொடுக்கும்.

மழைக்காலமும் ஒரு கணக்கு

அக்டோபர் வந்தது. மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை கிடையாது. டிசம்பர் வரை வருமானமும் இல்லை. அந்த மாதங்களுக்காக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதில் 150 எடுத்துக் கொடு என்று எந்த மனதோடு கேட்பது? ஆனால், அப்போதுதான் அந்தப் பெண்களுக்கு நேரம் நிறைய இருந்தது.

வருடம் பார்த்துப் பழகிய வீடு அது. உப்பு விளையும் மாதங்களில் சேர்த்து, விளையாத மாதங்களில் சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். அவளும் அப்படியே வைத்துக்கொண்டாள். அக்டோபர் முதல் ஜனவரி வரை 5 மணி வகுப்புக்குக் காசு கிடையாது. பிப்ரவரியில் உப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு மறுபடியும் 150. நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையில் விடுதிக்குக் கூட்டம் வரும். அந்த வரவு இந்த இடைவெளியைத் தாங்கும். மழையால் விடுதி வகுப்பும் நின்றுபோகலாம் என்பதால், மற்ற மாதங்களில் 1,500 ரூபாய் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

2026 பிப்ரவரிக் கணக்கு அந்த நோட்டில் இப்படி இருக்கிறது. விடுதியில் 7 வகுப்பு, கடைசி நேரத்தில் ரத்தான ஒரு வகுப்புக்குப் பாதி, மொத்தம் 6,000. காலை வகுப்பு 9 பேர், 4,050. சாயங்கால வகுப்பு 14 பேர், 2,100. ஆக 12,150. மாடி வாடகை, பஸ், ரீசார்ஜ், சில்லறை போக மிச்சம் 10,500. அதில் மழைக்காலத்துக்கு 1,500. நகைக் கடனுக்கு 5,000. மீதி வீட்டுக்கு.

ஜூனுக்குள் முழுக் கடனும் அடையாது. கூட்டிப் பார்த்தால் 25,000 வரை கட்டலாம். மிச்சத்துக்கு இன்னொரு முறை மாற்றி வைக்க வேண்டியிருக்கும். அப்படி வைத்தாலும் சங்கிலியைத்தான் வைப்பது, கம்மலை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறாள்.

அந்த 14 பேரில் கடைசியாகச் சேர்ந்தவர் அவளுடைய அம்மா. அதுவரை ‘எனக்கு எதுக்குடி’ என்றே தட்டிக்கழித்தவர், ஒருநாள் சாயங்காலம் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தார். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் இறங்கும் வரை நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நூறும் ஒரு ஐம்பதும் எடுத்து நீட்டினார்.

“உங்கிட்ட வாங்குவேனாம்மா?”

“மத்தவங்க கிட்ட வாங்குறியே. நான் மட்டும் சும்மா படுத்து எழுந்துட்டுப் போவணுமா? எழுதிக்கோ.”

அவள் நோட்டைப் பிரித்தாள். பதினான்காவது வரியில் அம்மாவின் பெயரை எழுதி, பக்கத்தில் 150 என்று போட்டாள்.